லாரியின் மூளையில் கை வைக்கலாமா?

இரவு பத்து மணிக்கு மேல் பீர்க்கன்கரணையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் சற்று நேரம் நின்றால், தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் சரக்குப் போக்குவரத்தை ஒரே காட்சியாகப் பார்த்துவிடலாம். எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள், கன்டெய்னர்கள், எந்த நிறுவனம் தயாரித்திருந்தாலும் நம் ஊரில் 'டாரஸ்' என்றே அழைக்கப்படும் பல அச்சு லாரிகள் என வரிசை நீளும். சிக்னலில் நின்று மீண்டும் நகரும்போது அவை படும் பாட்டைக் காதால் கேட்கலாம். சுமை அதிகம்; என்ஜினின் திறன் அதற்கு மட்டுமட்டு.

"வண்டி இழுக்க மாட்டேங்குது" என்பது லாரித் தொழிலின் பழைய புலம்பல். அதற்கு இப்போது புதிய மருந்து ஒன்று விற்கப்படுகிறது. என்ஜினைத் திறக்க வேண்டியதில்லை, உதிரி பாகம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மடிக்கணினியை இணைத்து அரை மணி நேரம் வேலை செய்தால் இழுவையும் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார்கள். 'டியூனிங்', 'ரீமேப்' என்பவை அதன் பெயர்கள். கார் பிரியர்களின் பொழுதுபோக்காக இருந்த இது, தவணை கட்டி ஓடும் சரக்கு லாரிக்கும் வந்திருக்கிறது. இதனால் என்ஜின் கெடுமா என்ற கேள்விக்கு விற்பவர் ஒரு பதிலும், பழுதுபார்ப்பவர் வேறொரு பதிலும் சொல்கிறார்கள்.

இது முற்றிலும் புதிய பழக்கமும் அல்ல. மின்னணுக் கட்டுப்பாடு வருவதற்கு முன் டீசல் பம்ப்பில் ஒரு திருகு இருக்கும். ஒரு சுழற்சிக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அது தீர்மானிக்கும். தயாரிப்பாளர் அதற்கு ஈய முத்திரை வைத்து அனுப்புவார். பம்ப் மெக்கானிக் முத்திரையை உடைத்துத் திருகைச் சற்று ஏற்றிவிடுவார். வண்டி இழுக்கும், கூடவே கரும்புகையும் கக்கும். அந்தப் புகையே ஓர் எச்சரிக்கையாக இருந்தது. பின்னால் வருபவர் திட்டுவார், காவலர் நிறுத்துவார், உரிமையாளருக்கே மனம் உறுத்தும்.

இன்று அந்தத் திருகின் இடத்தில் 'இ.சி.யு.' என்னும் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது. எந்த நொடியில் எவ்வளவு டீசலை எந்த அழுத்தத்தில் செலுத்துவது, டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுவது என எல்லாவற்றையும் அதிலுள்ள அட்டவணைகள் தீர்மானிக்கின்றன. ரீமேப் செய்பவர் அந்த அட்டவணைகளைத் திருத்துகிறார். இன்னொரு வகை, கம்பியில் செருகும் சிறு பெட்டி. அது கணினியைத் திருத்துவதில்லை, ஏமாற்றுகிறது. டீசல் குழாயின் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று பொய்த் தகவல் தருகிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. என்ஜினைக் காக்க வேண்டிய கண்ணையே கட்டிவிடுவதால், இரண்டில் இதுவே மோசமானது என்பேன்.

டியூனிங் செய்பவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. டீசலைச் சற்று முன்கூட்டியே பீய்ச்சினால் எரிதல் திறமையாக நடக்கும். மைலேஜ் ஓரளவு கூடும். ஆனால், அப்போது எரியறையின் உச்ச வெப்பமும் உச்ச அழுத்தமும் கூடுகின்றன. வெப்பம் கூடினால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பெருகும் என்பதால் தயாரிப்பாளர்கள் மாசு விதிகளுக்காக அந்த நேரத்தைப் பின்தள்ளி வைத்திருக்கிறார்கள். அதை மீட்டெடுப்பவருக்குக் கொஞ்சம் டீசல் மிச்சமாகும். அழுத்தத்தின் விலையை ஹெட் கேஸ்கெட்டும் கிராங்க் பேரிங்குகளும் கொடுக்கும்.

அவர்களுடைய வலுவான வாதம் வேறொன்று. "ஒரே என்ஜினைத்தான் கம்பெனி மூன்று நான்கு திறன்களில் விற்கிறது. குறைந்த திறனில் விற்பதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்; நாங்கள் பூட்டைத் திறக்கிறோம்" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும்.

நாம் நன்கறிந்த ஓர் என்ஜினை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். டாடா லாரிகளின் முகப்பில் 1613, 2518 போன்ற எண்களைப் பார்த்திருப்போம். முதல் இரண்டு இலக்கங்கள் மொத்த எடையை டன்னிலும், அடுத்த இரண்டும் குதிரைத் திறனைப் பத்துகளிலும் குறிக்கும். 2518 என்றால் 25 டன், 180 குதிரைத் திறன். அதில் இருந்தது ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின். 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இந்தக் குடும்பத்து என்ஜின்களைத் தயாரித்தது. இதே 5.9 லிட்டர் குடும்பம்தான் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளிலும் ஓடியது. அங்கே 2005 வாக்கில் தயாரிப்பாளரே அதை 325 குதிரைத் திறனில் விற்றார். அப்படியானால் நம் லாரிக்கு ஏன் 180 மட்டும்?

பிஸ்டன், இன்ஜெக்டர், டர்போ ஆகியவை இரண்டிலும் ஒன்றல்ல என்பது ஒரு விடை. அதைவிட முக்கியமான விடை எளிய வகுத்தலில் இருக்கிறது. சுமார் மூன்று டன் எடையுள்ள பிக்கப்புக்கு 325 குதிரைத் திறன் என்றால், டன்னுக்கு நூறுக்கும் மேல் வருகிறது. பின்னால் ஏழு டன் இழுவை வண்டியைக் கட்டினாலும் டன்னுக்கு 32 கிடைக்கும். 25 டன் லாரிக்குக் கிடைப்பதோ வெறும் 7.2. பிக்கப் ஓட்டுநர் முந்திச் செல்லும் சில விநாடிகளுக்கு மட்டுமே முழுத் திறனையும் கேட்கிறார். சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறும் லாரியின் மிதியோ, ஏற்றம் முடியும்வரை தரையோடு அழுந்தியிருக்கிறது. அந்த லாரியை 225 குதிரைத் திறனுக்கு ஏற்றினால் டன்னுக்கு ஒன்பது ஆகும். அப்போதும் மிதி தரையில்தான் இருக்கும். கூட்டிய திறன் முழுவதும், ஏற்றம் நீளும்வரை இடைவிடாமல் செலவாகும். தயாரிப்பாளர் பூட்டி வைத்ததாகச் சொல்லப்படும் திறன், இந்த இடைவிடாத உழைப்புக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது.

நம் சாலைகளில் அந்த ஒதுக்கீட்டுக்குப் பங்காளிகளும் அதிகம். 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகியது. அதற்கும் மேல் ஏற்றுவது தனிக்கதை. கலப்பட டீசல், தள்ளிப்போடப்படும் ஆயில் மாற்றம், சித்திரை வெயில் எல்லாம் அதே இருப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

வெப்பம்தான் இதில் முதல் எதிரி. டீசலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய 40 விழுக்காடுதான் என்ஜினில் வேலையாகிறது. மீதி பெரும்பாலும் புகையோடும் ரேடியேட்டர் நீரோடும் போகிறது. திறனைக் கால் பங்கு கூட்டினால் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடும். ரேடியேட்டரோ பழைய அளவில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் மெதுவாக ஊர்வதால் எதிர்க்காற்றும் குறைவு. பெரும்பாலான பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரியறையின் சுவாலையோ 2,000 டிகிரியைத் தாண்டும். அந்தச் சுவாலை கணநேரமே நீடிப்பதாலும், கீழிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விப்பதாலும்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. இந்தச் சமநிலை ஒரே நாளில் குலைவதில்லை. கிளட்ச் பிளேட் முன்கூட்டியே தேயும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் அடிக்கடி போகும். டர்போ ஆயில் கசியும். கடைசியில்தான் ஹெட்டும் பிஸ்டனும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பழுதாகத் தோன்றுவதால், எப்போதோ செய்த டியூனிங்கை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 லாரிகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கூடுதல் டீசலால் வரும் கரியைப் புகைக்குழாயிலுள்ள வடிகட்டி பிடித்துக்கொள்வதால் வெளியே புகை தெரியாது. வடிகட்டி விரைவில் அடைபடும். அதை எரித்துச் சுத்தம் செய்ய என்ஜின் அடிக்கடி கூடுதல் டீசலைச் செலுத்தும். பல என்ஜின்களில் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கிறது. நீர்த்த ஆயிலில் பேரிங் நீடிக்காது. யூரியாக் கரைசல் தீர்ந்தால் வண்டியே தன் இழுவையைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், கரைசல் இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் கருவிகளும் புழங்குகின்றன.

அமெரிக்கா இந்தப் பாதையில் நமக்கு முன்பே போய்விட்டது. அங்கே பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் முடக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. தயாரிப்பாளர்கள் மட்டும் யோக்கியர்களா என்று கேட்பவர்களுக்கும் இடமிருக்கிறது. ராம் பிக்கப் என்ஜின்களில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த 2023 டிசம்பரில் இசைந்தது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை.

கவனமாகப் பராமரிக்கப்படும் சொந்தக் காரில் மிதமான ரீமேப் பல ஆண்டுகள் தொல்லை தராமல் ஓடலாம். சுமையோடு நாளெல்லாம் ஓடும் லாரிக்கு அது ஆகாது என்பதே என் கருத்து. நம் நாட்டு லாரித் தொழிலில் பெரும்பான்மையினர் ஓரிரு வண்டி மட்டும் வைத்திருப்பவர்கள். என்ஜின் இறங்கினால் லட்சங்களில் செலவு. வண்டி நிற்கும் நாள்களிலும் தவணை நிற்காது. பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிட்டால் தெரியாது என்கிறார்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல கணினிகள் தம்முள் வைத்திருக்கின்றன. அதைப் படித்துப் பார்க்கும் நிறுவனம் வாரண்டியை மறுக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால், மாற்றத்தைக் கண்டுபிடிப்பது யார்? டீசல் வாகனத்தின் புகைச் சோதனை, சுமையே இல்லாமல் நின்ற இடத்தில் என்ஜினை முடுக்கிப் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அது அளப்பதில்லை. டியூனிங் செய்த லாரி அதில் எளிதாகத் தேறிவிடும். சரக்கு வாகனம் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு வந்தே ஆக வேண்டும். பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும் அதே வேளையில், ஓட்டுநர் இருக்கைப் பக்கமுள்ள 'ஓ.பி.டி.' இணைப்பில் ஒரு கருவியைச் செருகி, மென்பொருளின் அடையாள எண் தயாரிப்பாளர் தந்ததுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குச் சில நிமிடங்கள் போதும். பிஎஸ்-6 லாரிகள் அனைத்திலும் அந்த இணைப்பு இருக்கிறது. டியூனிங் செய்பவரும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்.