ஆண்டறிக்கையில் இடம்பெறாத மைதானங்கள்

புது தில்லி: ரயில்வே அமைச்சகத்தின் கோப்புகளில் லாலாகுடா என்பது ஒரு பணிமனையின் பெயர். நிஜாம் ஆட்சிக் காலத்தில், "நிஜாம் உத்தரவாத ரயில்வே' நிறுவனம் 1893-ம் ஆண்டு அங்கு ரயில் பெட்டிப் பணிமனையைத் தொடங்கியது. பின்னர் மின்சார என்ஜின் பராமரிப்புக் கூடம், ரயில்வே மருத்துவமனை, ஊழியர் குடியிருப்புகள் என வளர்ந்து, தென் மத்திய ரயில்வேயின் தலைமையிடமான செகந்தராபாதின் முக்கியப் பகுதிகளில் ஒன்றாக அது விளங்குகிறது.

லாலாகுடாவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் கோப்புகளில் காணப்படாத மற்றொரு பெருமையும் உண்டு. பள்ளி மாணவிகளாக இங்கு விளையாடத் தொடங்கிய இருவர், இந்திய விளையாட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் எட்டாத உயரத்தை எட்டினர். ஒருவர் கிரிக்கெட் வீராங்கனை மிதாலி ராஜ். மற்றொருவர் பாட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்து.

அவர்களின் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்வதற்கு இன்று ஒரு காரணம் இருக்கிறது. குழந்தைகள் ஓடியாட இடம் தந்த பொது மைதானங்களின் எதிர்காலம் என்ன என்ற கேள்வி அது.

பள்ளியின் ஓராண்டு: தெலங்கானாவில் வழக்கமாக ஜூன் 12-ம் தேதி பள்ளிகள் திறக்கப்படுகின்றன. ஆடி மாதத்தில் செகந்தராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலின் போனாலு விழா, ஆகஸ்டில் சுதந்திர தினக் கொடியேற்றம், அதன் பிறகு பதுக்கம்மா - தசரா விடுமுறை, குளிர்காலத்தில் அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா என்று மாணவர்களின் ஆண்டு நகர்கிறது. மார்ச் மாதம் வெயில் ஏறியதும் பள்ளி அரை நாளாகச் சுருங்குகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் பரபரப்புக்குப் பின், ஏப்ரல் 23-ம் தேதியுடன் கல்வியாண்டு நிறைவடைகிறது.

ஆண்டு விழா மேடையில் தலைமை ஆசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பது மரபு. தேர்ச்சி விகிதம், முதல் மதிப்பெண் பெற்றவர், கட்டுரைப் போட்டியிலும் ஓட்டப் பந்தயத்திலும் பரிசு பெற்றவர்கள் என அதில் எல்லாம் இருக்கும். அந்த ஓட்டப் பந்தயத்துக்கு மாணவர் எங்கே ஓடிப் பழகினார் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

தமிழர் தொடங்கிய பள்ளி: செகந்தராபாதில் தனியார் கல்வி நிறுவனங்கள் புதியவை அல்ல. பின்னாளில் மஹபூப் கல்லூரி எனப் பெயர் பெற்ற பள்ளியை 1862-ல் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர். லாலாகுடா பணிமனை தொடங்கப்பட்ட அதே 1893-ம் ஆண்டில், பிப்ரவரி 13-ம் தேதி, சிகாகோ பயணத்துக்கு முன்னதாக சுவாமி விவேகானந்தர் அங்கு சொற்பொழிவாற்றினார். திரைப்பட இயக்குநர் ஷியாம் பெனகல் அதன் முன்னாள் மாணவர். ராணுவக் குடியிருப்பும் ரயில்வேயும் அமைந்த இவ்வூரில், வேலைக்காக வந்து குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்துள்ளனர்.

முகாமுக்கு வந்த சிறுமி: அத்தகைய தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர்தான் மிதாலி ராஜ். தந்தை துரைராஜ் விமானப் படையில் பணியாற்றியவர். செயின்ட் ஜான்ஸ் கிரிக்கெட் பயிற்சி முகாமில் அண்ணன் பயிற்சி பெற்றபோது, காலையில் தாமதமாக எழும் மகளையும் தந்தை உடன் அழைத்துச் சென்றார். அங்கு பயிற்சியாளர் ஜோதி பிரசாத் அவரது திறமையைக் கண்டுகொண்டார். பின்னர் சம்பத் குமார் பயிற்சி அளித்தார். பரத நாட்டியம் பயின்றுவந்த சிறுமி, சலங்கையை விட்டு மட்டையை எடுத்தார்.

செகந்தராபாத் கீஸ் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மிதாலி, 1999-ம் ஆண்டு ஜூன் 26-ம் தேதி அயர்லாந்துக்கு எதிரான தனது முதல் ஒருநாள் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 114 ரன்கள் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 16. ரயில்வே அணிக்காக ஆடிய அவர், 2022-ல் ஓய்வு பெறும்போது 232 ஒருநாள் போட்டிகளில் 7,805 ரன்கள் குவித்திருந்தார். 2005, 2017 ஆகிய இரு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களுக்கு இந்தியாவை அழைத்துச் சென்ற கேப்டனும் அவரே.

ரயில்வே ஆடுகளத்தில் தொடக்கம்: லாலாகுடாவை அடுத்து, தார்நாகா சாலையில் உள்ளது இந்திய ரயில்வேயின் சிக்னல் பொறியியல் மற்றும் தொலைத்தொடர்புப் பயிற்சி நிறுவனம். 1957-ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் பாட்மிண்டன் ஆடுகளத்தில்தான், ஆக்சிலியம் உயர்நிலைப் பள்ளி மாணவியான சிந்து, மெஹபூப் அலியிடம் அடிப்படைப் பயிற்சி பெற்றார். அவரது தந்தை பி.வி. ரமணா, 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய வாலிபால் அணியில் இடம்பெற்றவர், ரயில்வே ஊழியர்.

பின்னர் சிந்து கோபிசந்த் அகாதெமியில் சேர்ந்தார். அன்றாடம் 56 கிலோ மீட்டர் பயணம் செய்து பயிற்சிக்கு வந்தவர் அவர். அந்த அகாதெமிக்கான 5 ஏக்கர் நிலத்தை 2003-ல் குத்தகைக்கு அளித்தது அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 2019-ல் உலக சாம்பியன் பட்டம், 2021-ல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் என சிந்துவின் சாதனைகள் தொடர்ந்தன.

இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பெற்றோரின் ஊக்கமும் பயிற்சியாளரின் கூர்மையான பார்வையும் இருந்ததைப் போலவே, நுழைய முடிந்த ஒரு மைதானமும் எட்டும் தூரத்தில் இருந்தது.

வசதி உள்ளவர்களுக்கு இது கவலை தரும் விஷயம் அல்ல. பேகம்பேட்டையில் 1923-ல் ஜாகிர்தார் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட ஹைதராபாத் பப்ளிக் பள்ளிக்குப் பரந்த வளாகம் உண்டு. அதன் முன்னாள் மாணவரான மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளா, தலைமைப் பண்பைப் பள்ளி கிரிக்கெட்டில் கற்றதாக எழுதியிருக்கிறார். மாடிக் கட்டடத்தில் இயங்கும் சிறிய தனியார் பள்ளியின் மாணவருக்கோ, பொது மைதானமே கதி.

சட்டம் சொல்வது என்ன? நாடாளுமன்றம் 2009-ல் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கு இருக்க வேண்டிய வசதிகளுள் ஒன்றாக விளையாட்டு மைதானமும் குறிப்பிடப்பட்டுள்ளது. ஏற்கெனவே இயங்கிய பள்ளிகளுக்கு, வசதிகளை ஏற்படுத்த 3 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. ஆனால், நெருக்கமான நகரப் பகுதியில் நிலத்தை உருவாக்கச் சட்டத்தால் இயலாது. இருக்கும் நிலத்தைப் பகிர்ந்துகொள்வதே வழி.

இந்தச் சூழலில்தான் 2021-ம் ஆண்டின் இரு அறிவிப்புகள் கவனத்துக்குரியவை. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில், தனியாருக்கு வருவாய் நோக்கில் குத்தகைக்கு விடத்தக்க சொத்துகளாக 15 ரயில்வே விளையாட்டரங்குகள் சேர்க்கப்பட்டன. ரயில்வே அமைப்புகளைச் சீரமைப்பது குறித்து நிதி அமைச்சகத்தின் முதன்மைப் பொருளாதார ஆலோசகர் சஞ்சீவ் சன்யால் அளித்த அறிக்கை, ரயில்வே நடத்திய 94 பள்ளிகளையும் ஆராய்ந்து, அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கப் பரிந்துரைத்தது. அவற்றில் படித்த ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகள் 15,399 பேர். வெளியார் பிள்ளைகள் 34,277 பேர் என்கிறது அந்த அறிக்கை.

ரயில் ஓட்டுவதே ரயில்வேயின் வேலை, பள்ளி நடத்துவது அல்ல என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. சொத்துகளின் உரிமை அரசிடமே இருக்கும் என்ற விளக்கமும் தரப்பட்டது. எனினும், மேற்கண்ட கணக்கை வேறு விதமாகவும் படிக்கலாம். மாணவர்களில் 3-ல் 2 பங்குக்கும் மேற்பட்டோர் அக்கம்பக்கத்துக் குழந்தைகள். அதாவது, ரயில்வேயின் வளாகங்கள் ஊருக்கும் பயன்பட்டு வந்துள்ளன. மணிக்கு இவ்வளவு கட்டணம் என்று பலகை மாட்டப்பட்ட மைதானத்துக்கு, வேடிக்கை பார்க்க வரும் சிறுமி வர மாட்டாள்.

தீர்வு பெரும் செலவு பிடிப்பதன்று. ரயில்வே மைதானங்களை மாலை வேளையில் அருகிலுள்ள பள்ளிகளுக்குத் திறந்துவிட ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியைத் தனியார் பள்ளிகள் ஏற்கலாம். குத்தகைக்கு விடப்படும் அரங்குகளிலும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி நேரம் ஒதுக்குவதை ஒப்பந்த நிபந்தனையாக்கலாம்.

ஜூன் 12-ம் தேதி பள்ளி மணி அடிக்கும்போது, மாலை 4 மணிக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று பெற்றோர் பள்ளி நிர்வாகத்திடம் கேட்கலாம். இதே கேள்வியை, கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் ரயில்வே அமைச்சரிடமும் கேட்கலாம்.