பீவா ஏரிக்கரையின் மாப்பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் அம்மையாரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அரிது. சேலை உடுத்து, நம் ஜனங்களின் பாஷையைப் பேசி, ஆதரவற்ற குழந்தைகளுக்கெல்லாம் தாயாக விளங்கிய ஏமி கார்மைக்கேல், இந்த நாட்டின் மண்ணை மிதிப்பதற்கு முன்னால், 1893ஆம் வருஷத்தில் ஜப்பானுக்குச் சென்று, மத்ஸுஏ என்னும் ஊரில் பக்ஸ்டன் என்ற ஆங்கிலேய மிஷனரியின் குடும்பத்தோடு தங்கிச் சில காலம் ஊழியம் செய்தார் என்பது மட்டும் அவ்வளவாக வெளியே பேசப்படாத செய்தி. அங்கே ஒரு குளிர்காலத்தில், நோயாய்ப் படுத்திருந்த மூதாட்டி ஒருத்தியைக் காண மொழிபெயர்த்துச் சொல்லும் ஜப்பானியப் பெண்ணோடு அவர் போயிருந்தார். கிழவி சுவிசேஷத்தை ஆவலோடு கேட்டுக்கொண்டே வந்தவள், மனம் கனிந்துவரும் சமயத்தில் விருந்தாளியின் கையில் இருந்த ரோமக் கையுறையைக் கண்டு, இது என்ன என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். பேச்சு கையுறையின் பக்கம் போயிற்று, போனது போனதுதான். அன்று திரும்பி வந்த அம்மையார் ஐரோப்பிய உடையைக் களைந்து கிமோனோ தரித்தார். டோனாவூரில் நம்மவர்கள் கண்ட சேலைக்கு மூலம் அந்த ஜப்பானியக் கிழவியின் கேள்விதான் என்று நான் எண்ணுவதுண்டு.

ஆனால் உடையை மாற்றுவது ஒரு நாள் காரியம். வீட்டை மாற்றுவது அப்படியன்று. ஜப்பானியருடைய வீட்டு வாசலுக்கு கென்கான் என்று பெயர். வந்தவர் பாதரட்சையைக் கழற்றி வைத்து ஒரு படி ஏறினால்தான் உள்ளே வந்ததாகக் கணக்கு. அதுவரை அவருக்குக் குறைவில்லாத மரியாதை உண்டு, வணக்கம் உண்டு, சமயத்தில் தேநீரும் உண்டு. ஆனால் அவர் வெளியார். மதிற்சுவரும் தோட்டமும் சூழ்ந்த பங்களாவில் வசித்து, அங்கிருந்து புறப்பட்டுப்போய் ஜனங்களுக்குப் போதித்துவிட்டு, மாலையில் அதே பங்களாவுக்குத் திரும்பும் மிஷனரிகளின் வாழ்க்கைமுறை நம் ஜில்லாக்களிலும் இருந்தது, ஜப்பானிலும் இருந்தது. அந்தப் படியைத் தாண்டி உள்ளே போவதற்கு ஒரு மனிதர் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட கதை ஒன்று பீவா ஏரியின் கரையில் நடந்தது.

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் 1880ஆம் வருஷம் பிறந்த வில்லியம் மெரல் வோரீஸ், சிற்பியாக, அதாவது கட்டிடக் கலைஞராக, வர வேண்டும் என்று இளமையில் ஆசைப்பட்டு, பிறகு ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றதாக உணர்ந்து அந்த ஆசையைக் கைவிட்டவர். அவரை எந்தச் சபையும் சம்பளம் கொடுத்து அனுப்பவில்லை. அவர் பட்டம் பெற்ற பாதிரியாரும் அல்லர். 1905ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்துக் கடுங்குளிரில், அந்த ஏரியை அடுத்த ஓமி பிரதேசத்து ஹச்சிமான் என்னும் சிற்றூரின் வணிகப் பள்ளியில் ஆங்கில உபாத்தியாயராக வந்து இறங்கியபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொசுவலையும் பாய்விரிப்பும் சுமந்து தூரதேசங்களுக்கெல்லாம் போய் வியாபாரம் செய்து, பொருள் ஈட்டியும் பூர்விக வீட்டைப் பிறந்த மண்ணிலேயே வைத்துக்கொள்ளும் வணிகர்களின் ஊர் அது. நம் செட்டிநாட்டை அறிந்தவர்களுக்கு அந்த மனப்பான்மை எளிதில் விளங்கும். அங்கே பௌத்த மதப் பற்றும் ஆழமானது.

பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் வோரீஸ் தம் வீட்டில் வேதாகம வகுப்பு நடத்தினார். பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் வந்ததே அவருக்கு வினையாயிற்று. ஊரில் எதிர்ப்புக் கிளம்பி, 1907ஆம் வருஷத்தில் வேலை போயிற்று. கையில் பணமில்லை, திரும்பிப் போகச் சொல்லுகிறவர்களுக்கும் குறைவில்லை. அவர் போகவில்லை. அவரிடம் படித்து அவரோடேயே வசித்துவந்த யோஷிதா எட்ஸுஸோ என்ற இளைஞர் கூடவே நின்றார். ஜீவனத்துக்காக, கைவிட்ட அந்தப் பழைய ஆசையையே எடுத்து வைத்துக்கொண்டு கட்டிடங்களுக்கு வரைபடம் போட ஆரம்பித்தார் வோரீஸ். முறையாகச் சிற்பம் படிக்காத இந்த மனிதர் பின்னாளில் தம் சகாக்களோடு ஜப்பானில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டிடங்களை அமைத்தார் என்பதும், ஒஸாகாவின் தைமாரு அங்காடியும் கோபே பெண்கள் கல்லூரியும் அவற்றுள் அடங்கும் என்பதும் ஊரறிந்த சங்கதிகள். அவற்றை இங்கே விரிக்கப் புகுந்தால் நம் கதை வழி தவறிவிடும். வரைபடத்தில் வந்த வருமானமும், அமெரிக்க நண்பர் ஒருவர் விற்கக் கொடுத்த மென்தோலேட்டம் என்னும் தைலத்தில் வந்த லாபமும், வோரீஸும் சகாக்களும் நடத்திய ஓமி மிஷனுக்குச் சோறு போட்டன. ரயில் எட்டாத ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் போவதற்காக 1914இல் ‘கலிலேயா மாரு’ என்ற மோட்டார்ப் படகு மிதந்தது. 1918இல் க்ஷயரோகிகளுக்கு ஒரு வைத்தியசாலை எழுந்தது.

இத்தனையும் நடந்தும், இகேதா தெருவில் செங்கல் மதிலுக்குப் பின்னால் 1913, 1914ஆம் வருஷங்களில் மிஷன் குடும்பங்களுக்காக எழுப்பப்பட்ட அமெரிக்கப் பாணி வீடுகள், மரச் சட்டமும் ஓட்டுக் கூரையுமான அந்த வணிகர் தெருக்களின் நடுவே தனித்தே நின்றன. வோரீஸுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு வீடு கட்டும் காரியம் அவரை ஒரு குடும்பத்தோடு சேர்த்துவைத்தது. ஹிரோஓகா என்ற செல்வக் குடும்பத்தின் தலைவர் கெய்ஸோ, வைகௌண்ட் பட்டம் பெற்ற ஹித்தோத்ஸுயனாகி பிரபுவின் புதல்வர். பெண் வீட்டாரின் பெயரை ஏற்று அக்குடும்பத்துக்கே பிள்ளையாகப் புகுந்தவர். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம்மவர்களுக்கு இளக்காரம். திண்ணைப் பேச்சுக்கு அதைவிடச் சுவையான விஷயம் இல்லை. ஜப்பானிலோ, குலத்தையும் தொழிலையும் காப்பதற்காகத் தகுதியுள்ள ஆண்மகனைப் பெயர் மாற்றி ஏற்றுக்கொள்வது கௌரவமான சம்பிரதாயம். அந்தக் கெய்ஸோவின் இல்லம் சம்பந்தமான ஆலோசனைகளின்போது, அமெரிக்காவில் பல வருஷம் கல்வி கற்றுத் திரும்பியிருந்த அவருடைய தங்கை மகிகோவைச் சிற்பி சந்தித்தார். பிரபு குலத்துப் பெண், அந்நியனை, அதிலும் மிஷனரியை மணப்பதாவது! குடும்பத்தார் தயங்கினார்கள், பிரபு வம்சத்தவரின் விவாகத்துக்கு அரண்மனை இலாகாவின் சம்மதம் வேறு வேண்டியிருந்தது. மகிகோ தம் குல அந்தஸ்தைத் துறந்து சாதாரணப் பிரஜையானார். 1919ஆம் வருஷம் ஜூன் மாதம், தோக்கியோவில் வோரீஸே அமைத்த மெய்ஜி கலாசாலைத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

ஹச்சிமானுக்கு வாழ வந்த மகிகோ பிரசங்கம் செய்யப் புறப்படவில்லை. தெருவில் விளையாடுவதற்கு இடமின்றித் திரிந்த அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு 1920இல் ஒரு விளையாட்டிடம் அமைத்தார், அவ்வளவுதான் செய்தார். பதினைந்து வருஷத்துப் பிரசங்கத்தால் திறவாத கதவுகள் எவ்வாறு திறந்தன என்பதை யோசித்துப் பார்த்தால், இந்தச் சிறு காரியத்தைத்தான் நான் முதலில் சொல்லுவேன். கணவன் மதத்தைப் பற்றியும் மாமியார் கௌரவத்தைப் பற்றியும் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், குழந்தையை அழைத்துப்போக ஒரு தாய் வந்துதானே ஆக வேண்டும்? வந்தவள் வாசலில் நிற்பாள். நின்றவள் இரண்டு வார்த்தை பேசுவாள். பேச்சு பிள்ளையின் இருமலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நீளும். இரண்டு வருஷத்துக்குள் அந்த விளையாட்டிடம் செய்யூஎன் என்ற பெயரில் ஒரு பாலர் பள்ளியாகப் பரிணமித்தது. 1931இல் அதற்குச் சொந்தமாக அழகிய கட்டிடமும் வந்தது. மென்தோலேட்டம் ஸ்தாபகர் ஹைடின் குடும்பத்தார் தந்த நன்கொடை அது.

மகிகோவின் சகவாசம் வோரீஸின் எழுத்திலும் தெரிகிறது என்பது என் துணிபு. 1923இல் அவர் வெளியிட்ட வீடு அமைப்பைப் பற்றிய நூலில், தூண்களையும் முகப்பு அலங்காரங்களையும் காட்டிலும் சமையலறையும் குழந்தைகளின் அறையும் சூரிய வெளிச்சமுமே பெரிதாகப் பேசப்படுகின்றன. வந்துபோகும் விருந்தாளிக்காக அல்ல, அதில் வாழும் குடும்பத்துக்காகவே வீடு என்பது அவர் கட்சி. இந்தத் தம்பதிக்கோ பிள்ளைகள் இல்லை.

கிறிஸ்தவர்கள் இன்றும் ஜப்பானிய ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருக்கிறார்கள். ஞானஸ்நானப் புஸ்தகத்தை எண்ணிப் பார்த்து ஊழியத்தை நிறுப்பவர்களுக்கு இந்தக் கதை உற்சாகம் தராது. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. எனக்குச் சுவாரஸ்யமாகத் தோன்றுவது வேறொரு புஸ்தகம்: கொசெக்கி என்னும் குடும்பப் பதிவேடு. பிறப்பும் விவாகமும் மரணமும் அதில் ஏறினால்தான் ஒருவர் இன்ன வீட்டார் என்பது ஸ்திரப்படும். யுத்த மேகம் கவிந்து, அமெரிக்க மிஷனரிகள் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், 1941ஆம் வருஷத் தொடக்கத்தில், வோரீஸ் ஜப்பானியப் பிரஜையானார். முப்பத்தாறு வருஷங்களுக்கு முன் வந்தவர், மைத்துனர் கெய்ஸோ தம் மாமனார் வீட்டுப் பெயரை ஏற்றது போலவே, மனைவியின் வம்சப் பெயரை ஏற்று ஹித்தோத்ஸுயனாகி மெரெரு ஆனார். மெரெரு என்பதை அவர் எழுதத் தேர்ந்த மூன்று எழுத்துக்களைப் பிரித்துப் படித்தால், அமெரிக்காவிலிருந்து வந்து தங்கிவிட்டவர் என்று பொருள்படும். வேடிக்கையும் கலந்த மனிதர்தான். பெயர் மாறியதனால் சந்தேகப் பார்வை ஒழிந்துவிடவில்லை. யுத்த காலத்தைக் கணவனும் மனைவியும் கருயிஸாவா மலையூரில் கண்காணிப்புக்கு உட்பட்டே கழித்தார்கள்.

1957இல் அதே மலையூரில் அவர் நோயுற்று விழுந்தார். பிறகு எழுந்து நடமாடவில்லை. அவர் படுக்கையில் இருக்கும்போதே, 1958இல், ஓமி-ஹச்சிமான் நகரசபை அவரைத் தன் முதல் கௌரவப் பிரஜையாக்கிற்று. ஒருகாலத்தில் அவருக்கு வேலை இல்லாமல் செய்த ஊர் அது. ஏழு வருஷம் மகிகோ பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். 1964ஆம் வருஷம் மே மாதம் 7ஆம் தேதி வோரீஸ் காலமானார். மகிகோ 1969 வரை இருந்தார். அவர்கள் கடைசிவரை குடியிருந்த வீடு இன்னும் அந்த ஊரில் இருக்கிறது. ஊரார்க்கெல்லாம் மாளிகைகளும் பள்ளிகளும் வரைந்த சிற்பி தமக்கென்று போட்ட திட்டமன்று அது. பாலர் பள்ளி உபாத்தியாயினிகள் தங்குவதற்காகக் கட்டத் தொடங்கிய விடுதி, பிறகு சற்றே மாற்றி அமைக்கப்பட்டு, அவர்கள் இருவருக்கும் வீடாயிற்று.