நிறம் பார்த்து வாங்கும் நாம், நிறத்தை அறிவோமா?



மளிகை வணிகத்தில் எடையைத் தராசு சொல்லும், விலையைச் சிட்டை சொல்லும். தரத்தை முதலில் சொல்வது நம் கண்தான். துவரம் பருப்பு, மிளகாய் வற்றல், விரலி மஞ்சள், பச்சைப் பயறு, வெல்லம் என்று எந்தச் சரக்கானாலும், கையில் அள்ளியவுடன் நாம் பார்ப்பது அதன் நிறத்தை. அந்த ஒரு பார்வையில்தான் குவிண்டாலுக்கு நூறு, இருநூறு கூடுவதும் குறைவதும்.

ஓவியம் பயிலச் சேரும் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடமாக நிறங்களின் இலக்கணத்தைக் கற்றுத் தருகிறார்கள். நாள் முழுவதும் நிறத்தை நம்பிப் பணம் போட்டு எடுக்கும் நமக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பாடத்தின் அரிச்சுவடியை நம் கடைச் சரக்கை வைத்தே இங்கு விளக்க முற்படுகிறோம்.

வண்ணச் சக்கரம்

1666ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேய விஞ்ஞானி ஐசக் நியூட்டன், சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தினார். வெள்ளை ஒளிக்குள் வானவில்லின் நிறங்கள் எல்லாம் அடங்கியிருப்பதைக் கண்டார். 1704இல் வெளியிட்ட தம் நூலில் அந்த நிறங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். இன்று ஓவிய மாணவர் வரையும் வண்ணச் சக்கரத்திற்கு மூலம் அதுவே.

ஓவியர் கணக்கில் முதன்மை நிறங்கள் மூன்று: சிவப்பு, மஞ்சள், நீலம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஊதா. இந்த ஆறையும் வட்டமாக வைத்தால் சிவப்புக்கு நேர் எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா, நீலத்திற்கு எதிரே ஆரஞ்சு அமையும். இவை எதிர் நிறங்கள். இந்த மூன்று சோடிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எதிர் நிறங்களுக்கு இரண்டு குணங்கள் உண்டு. கலந்தால் ஒன்றை ஒன்று அடக்கும். அருகருகே வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும்.

அடக்குவதற்கு நம் கடையிலேயே சாட்சி இருக்கிறது. வெள்ளை வேட்டி நாளடைவில் மஞ்சள் பூக்கிறது. சொட்டு நீலம் போட்டு அலசினால் வெளுப்பாகத் தெரிகிறது. அழுக்கு போய்விட்டதா என்றால் இல்லை. ஊதாச் சாயலுள்ள நீலம், மஞ்சளை அடக்கிவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு ஐயம் எழலாம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திக்குச் சிவப்பு நீர் கிடைக்கிறதே, இது எந்தக் கணக்கு? இது நிறக் கலப்பு அன்று. சுண்ணாம்பின் காரம் பட்டு மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் மாறுவதால் வரும் நிறம் அது. வெள்ளைச் சாயத்தை மஞ்சள் சாயத்தில் கலந்தால் வெளிர் மஞ்சள்தான் கிடைக்கும்.

ஒரு புகாரில் பிறந்த உண்மை

தூக்கிக் காட்டும் குணத்தைத் தெளிவாக ஆராய்ந்து சொன்னவர் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் மிஷேல் செவ்ரல். 1786இல் பிறந்து 102 வயது வாழ்ந்தவர். எண்ணெய் வணிகர்கள் இவரைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். எண்ணெயிலும் கொழுப்பிலும் உள்ள கொழுப்பு அமிலங்களை ஆராய்ந்து உலகுக்குச் சொன்ன முன்னோடி இவரே.

1824இல் பாரிஸ் நகரின் கோபலென் அரசுத் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அங்கே ஒரு புகார் காத்திருந்தது. நீலத்தோடும் ஊதாவோடும் சேர்த்து நெய்யும் கருப்பு நூல் கருப்பாக இல்லை, வெளிறித் தெரிகிறது என்றார்கள். செவ்ரல் அந்த நூலைப் பெயர் பெற்ற வேறு பட்டறைகளின் கருப்பு நூல்களோடு வைத்துப் பார்த்தார். எந்தக் குறையும் இல்லை. சாயம் சரி, நூலும் சரி. குறை பக்கத்து நிறத்தால் வந்தது. நீலத்தின் அருகே இருந்ததால் கருப்பின் மேல் நீலத்தின் எதிர் நிறமான ஆரஞ்சுச் சாயல் படிந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றியது. பல ஆண்டு ஆராய்ந்து 1839இல் இதைப் பெரு நூலாக வெளியிட்டார். பின்னாளில் புள்ளி புள்ளியாக நிறம் வைத்து வரைந்த சூரா போன்ற ஓவியர்களுக்கு அந்நூல் வழிகாட்டியாயிற்று.

ஓவியருக்குப் பயன்பட்ட இந்த உண்மை, சரக்கைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் பழக்கமுள்ள நம் தொழிலுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

தொட்டியும் பருப்பும்

நம்மிடம் பல்லாண்டு சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர், துவரம் பருப்பு மூட்டைகளை இறக்கிய மறுநாளே ஆள் அனுப்பினார். "மாதிரி காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று" என்பது புகார். இத்தகைய பேச்சு சந்தையில் பரவினால் நட்டம் இரண்டு மூட்டையோடு நிற்காது. மாதிரிப் பொட்டலத்தோடு அவர் கடைக்கே சென்றோம். புதிதாக வாங்கிய பளிச்சென்ற மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டியில் பருப்பைக் கொட்டி வைத்திருந்தார். உள்ளே நாம் பார்த்தபோதும் அது பழுப்பேறித்தான் தெரிந்தது. தொட்டியிலிருந்து ஒரு பிடி, மாதிரியிலிருந்து ஒரு பிடி எடுத்து, வாசலில் வெயில் படாத இடத்தில் வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்தோம். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அவரே சிரித்துவிட்டார். அதைவிடப் பலமான மஞ்சளின் நடுவே இருந்ததால் பருப்பின் மஞ்சள் மங்கிவிட்டது. கோபலென் கருப்பு நூலின் கதையும் இதுதான்.

அதே பருப்பை நீலத் தட்டில் வைத்தால் எடுப்பாகத் தெரியும். மிளகாய் வற்றலுக்குப் பச்சைப் பின்னணி அப்படி. ஆனால் பின்னணி மெல்லிய இழைகளாக இருந்தால் விளைவு தலைகீழாகும். ஆரஞ்சு நிற வலைப்பையில் கட்டிய பழம், வலையின் நிறத்தைத் தானும் வாங்கிக்கொண்டு நன்கு கனிந்ததுபோல் தோன்றும். வாங்கும்போது வலையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

"கலர் சரியில்லை" என்றால் போதாது

1905இல் அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல், ஒரு நிறத்தை மூன்று அளவுகளால் குறிக்கும் முறையை வெளியிட்டார். ஒன்று, அது எந்த நிறம் என்பது. இரண்டு, வெளிர்வா கருமையா என்பது. மூன்று, பளிச்சென்று இருக்கிறதா மங்கலா என்பது. தொலைபேசியில் சரக்குப் பேசும்போது "கலர் சரியில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் எதிர்ப்பக்கத்தாருக்கு எதுவும் விளங்காது. "சிவப்புதான், ஆனால் கருத்திருக்கிறது" என்பது வேறு. "வெளுத்திருக்கிறது" என்பது வேறு. பிரித்துச் சொன்னால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

ஏற்றுமதித் தொழிலில் கண்ணை மட்டும் நம்புவதில்லை. மிளகாயின் நிறத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து "ஆஸ்டா" என்ற எண்ணால் குறிக்கிறார்கள். காரம் குறைந்த பியாதகி மிளகாய்க்கு மதிப்பு அதன் நிறத்தால். மஞ்சளைக் குர்குமின் விழுக்காட்டை வைத்து மதிக்கிறார்கள்.

விளக்கு வெளிச்சம்

பொருளின் நிறம் என்பது அதன் மேல் விழும் ஒளியில் எதை அது திருப்பி அனுப்புகிறது என்பதே. விளக்கில் இல்லாத நிறத்தைச் சரக்கு காட்ட முடியாது. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரு சரக்குகள், பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரிவதும் உண்டு. எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பார்க்காமல், பெட்டியில் "சி.ஆர்.ஐ." எண்ணையும் பாருங்கள். 100 உச்ச அளவு. 80க்குக் குறையாமல் இருப்பது நன்று. 90க்கு மேல் மிக நன்று. "2700 கே" என்றிருந்தால் மஞ்சள் வெளிச்சம், "6500 கே" என்றால் நீலம் தழுவிய வெண்மை.

சொந்தப் பெயரில் பாக்கெட் போடும் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. சிவகாசி அச்சகமோ இளநீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளால் அச்சிடுகிறது. திரையில் தெரியும் எல்லா நிறத்தையும் மையால் கொண்டுவர முடியாது. ஆகவே செல்போனில் வந்த படத்தைப் பார்த்து ஒப்புதல் தராமல், அச்சிட்ட புரூஃப் கேட்டு வாங்குங்கள்.

நிறத்தைப் பிரித்தறிய இயலாத வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் குழப்பிக்கொள்ளும் குறை ஆண்களிடம் அதிகம். சைவ உணவுக்குப் பச்சை வட்டம் இருக்க, அசைவக் குறியைப் பழுப்பு வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றியது இத்தகையோருக்குப் பெரும் உதவி. உங்கள் கடை விலை அட்டைகளிலும் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தும் சேருங்கள்.

எல்லைக் கோடு

நிறத்துக்கு விலை உண்டு என்பதால்தான் அதில் கலப்படமும் நுழைந்தது. மஞ்சளில் ஈயக் குரோமேட், பருப்பில் மெட்டானில் மஞ்சள், பட்டாணியில் மாலகைட் பச்சை, மிளகாய்த் தூளில் சூடான் சாயம் எல்லாம் விற்பனையைக் கூட்டச் சேர்க்கப்படும் நஞ்சுகள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2005இல் பிரிட்டனில், சூடான் சாயம் கலந்த மிளகாய்த் தூள் சேர்ந்த நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பருப்பிலும் மஞ்சளிலும் மிளகாய்த் தூளிலும் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. அத்தகைய மூட்டை நம் கடையில் சிக்கினால், "நாங்கள் கலக்கவில்லை, வந்ததை விற்றோம்" என்ற சமாதானம் நம் பெயரைக் காப்பாற்றாது.

சந்தேகம் வந்தால் ஒரு தம்ளர் நீரில் ஒரு கரண்டி மஞ்சள் தூளைத் தூவி அசைக்காமல் விடுங்கள். நல்ல தூள் இலேசான மஞ்சள் விட்டு அடியில் படியும். நீர் முழுவதும் அடர் மஞ்சளாக மாறினால் அந்தச் சரக்கை நிறுத்தி, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புங்கள். இது முதல் சோதனைதான். ஆய்வுக்கூட முடிவே உறுதியானது.

சரக்கில் இருக்கும் நிறத்தை நல்ல வெளிச்சத்தில், பொருத்தமான தட்டில் விளங்கக் காட்டுவது வணிகம். இல்லாத நிறத்தை இருப்பதாகக் காட்டுவது வஞ்சகம். இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை நாம் ஒருபோதும் தாண்டலாகாது.

உறுப்பினர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லாவின் அருகே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வையுங்கள். வாங்கும் சரக்கையும் விற்கும் சரக்கையும் மாதிரியோடு சேர்த்து, பகல் வெளிச்சத்தில், அந்தத் தட்டில் வைத்துப் பாருங்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒரே தட்டை ஒன்றாகப் பார்த்துவிட்டால், பிறகு பேச வேண்டியது விலை ஒன்றுதான்.