லாயத்தைச் சூழும் ஈக்கள்

நெகிரி செம்பிலானின் இரப்பர்த் தோட்டங்களில் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு மாலை நேரம் என்றால் புகை நேரம். மேய்ச்சல் முடிந்து திரும்பிய மாடுகளைக் கொட்டகையில் கட்டியதும், வீட்டில் ஒருவர் காய்ந்த சருகையும் தேங்காய் மட்டையையும் குவித்து நெருப்பு வைப்பார். தீ பற்றியவுடன் அதன்மேல் பச்சைப் புல்லை அள்ளிப் போடுவார். சுவாலை அடங்கி, வெண்புகை கொட்டகை முழுவதும் பரவும். இதற்கு ‘மூட்டம் போடுதல்’ என்று பெயர். புகை வந்ததும் மாடுகள் வால் வீசுவதை நிறுத்தி, அமைதியாக அசைபோடத் தொடங்கும்.

மோட்டார் வாகனங்கள் பெருகுவதற்கு முன்னர், தோட்டத்துத் துரைமார்கள் குதிரையிலும் மட்டக்குதிரையிலும் ஏறி மலைச்சரிவுகளைச் சுற்றி வந்த காலம் ஒன்று உண்டு. தொழிலாளர் குடியிருந்த இடம் லயம். குதிரை நின்ற இடம் லாயம். ஒலியில் நெருங்கியிருந்தாலும் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ‘லயம்’ என்பது வரிசை வீடுகளைக் குறிக்கும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. லயத்திலும் லாயத்திலும் ஒரே தொல்லைதான் இருந்தது: கடிக்கும் பூச்சிகள். வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நீடிக்கும் நாட்டில் இவற்றுக்கு ஓய்வுக் காலம் கிடையாது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் ஈக்கள் மறைந்துவிடும். குதிரைக்குச் சில மாதங்களாவது நிம்மதி கிட்டும். மலேசியக் குதிரைக்கு அந்த விடுமுறை இல்லை.

குதிரை தன்னால் இயன்ற அளவு தன்னைக் காத்துக்கொள்ளும். அதன் நீண்ட வால் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அது ஒரு விசிறி. அரசர்களுக்கு வீசப்பட்ட சாமரம்கூட விலங்கின் வால்மயிரால் ஆனதுதான். பின்னாளில் அது அரச மரியாதையின் சின்னமாக மாறினாலும், அதன் முதல் வேலை ஈ ஓட்டுவதே. வால் எட்டாத இடத்தில் ஈ அமர்ந்தால், குதிரை அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும். தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தசை இதற்கு உதவுகிறது. ஆனால், நாள் முழுவதும் காலை உதைத்து, தலையை ஆட்டி, தோலைச் சிலிர்த்துக்கொண்டே இருக்கும் குதிரை சரியாகத் தின்னாது, இளைத்துப்போகும். அரிப்புத் தாங்காமல் மரத்திலும் கம்பத்திலும் உடம்பைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்தப் புண்ணில் வேறு ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைக்கும்.

இவை கண்ணுக்குத் தெரியும் துன்பங்கள். கண்ணுக்குத் தெரியாதது நோய்.

1880ஆம் ஆண்டில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாப் பகுதியைச் சேர்ந்த தேரா இஸ்மாயில் கான் என்னும் ஊரில் (இன்று அது பாகிஸ்தானில் உள்ளது) படைக்குதிரைகளும் ஒட்டகங்களும் ‘சுர்ரா’ என்னும் நோயால் மடிந்துகொண்டிருந்தன. காய்ச்சல் வரும், போகும், மீண்டும் வரும். நன்றாகத் தின்றாலும் உடல் மெலியும். கால்களும் அடிவயிறும் வீங்கும். படையின் கால்நடை மருத்துவரான கிரிஃபித் எவன்ஸ், நோயுற்ற குதிரைகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். இரத்த அணுக்களுக்கிடையே ஏதோ ஓர் உயிர் நெளிந்து ஓடியது. அந்த உயிரே நோய்க்குக் காரணம் என்று அவர் கூறியதை மேலதிகாரிகள் ஏற்கவில்லை. பிற்காலத்தில் அறிவியல் உலகம் அதை ஏற்றது. இன்று அந்த ஒட்டுண்ணிக்கு ‘டிரிபனோசோமா எவான்சி’ என அவருடைய பெயரே வழங்குகிறது.

இந்த ஒட்டுண்ணியை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது குதிரை ஈ. மலாய் மொழியில் இதனை ‘லாலாட் பிக்காட்’ என்பர். சாதாரண ஈயைவிடப் பல மடங்கு பெரியது, கண்கள் பளபளக்கும். ஆண் ஈ பூவின் தேனைக் குடித்து வாழும். இரத்தம் குடிப்பது பெண் மட்டுமே. கொசுவைப் போல அது ஊசி நுழைக்காது. கத்தரிக்கோல் போன்ற வாயுறுப்பால் தோலை அறுத்து, கசியும் இரத்தத்தை நக்கும். ஆகவே வலி மிகுதி. வலி தாங்காத விலங்கு உதறும். பாதி குடித்த ஈ எழுந்து பறந்து பக்கத்தில் நிற்கும் விலங்கின்மேல் அமரும். நோய் பரவுவது அந்தச் சில நிமிடங்களில்தான். வாயில் ஒட்டியிருக்கும் ஈர இரத்தம் அடுத்த விலங்கின் காயத்தில் கலந்துவிடுகிறது.

மாடும் எருமையும் இந்த ஒட்டுண்ணியைப் பெரிய அறிகுறி எதுவுமின்றி உடலில் சுமந்து திரியக்கூடும். குதிரையால் அது முடியாது. சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் இறந்துவிடும். எனவே, மாடு மேயும் தோட்டத்தில் குதிரையும் நிற்குமானால், இரண்டுக்கும் நடுவே பறக்கும் ஈயைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. இது பழங்கதையும் அன்று. 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சிலாங்கூரின் சுங்கை டூசுன் காப்பகத்தில் வளர்க்கப்பட்ட 5 சுமத்திராக் காண்டாமிருகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அதற்குச் சுர்ராவே காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். உலகில் எஞ்சியிருந்த மிகச் சில விலங்குகளில் ஐந்து அவை.

குதிரை ஈ பெரியது, பார்த்தால் அடிக்கலாம். இன்னொரு பகை மிகச் சிறியது. 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள கடிக்கும் குறுஈ அது. மலாயில் ‘அகாஸ்’. சதுப்பு நிலத்தருகே மாலையில் நின்றவர்களுக்கு இதன் கடி தெரியும். கடித்த பூச்சி கண்ணில் படாது, அரிப்பு மட்டும் மிஞ்சும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்னும் கொடிய நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். நோய்க்கிருமியை முன்னர் அறியாத குதிரைகளைத் தாக்கினால் பத்தில் ஒன்பதுகூட இறக்கலாம். கண்ணுக்கு மேலுள்ள பள்ளம் வீங்கும், மூச்சுத் திணறும், மூக்கில் நுரை தள்ளும். காலையில் நன்றாக நின்ற குதிரை மறுநாள் இருக்காது. மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. ஒரு குதிரையை மற்றொரு குதிரை தொடுவதாலும் பரவுவதில்லை. பூச்சி கடித்தால்தான் பரவும்.

பெயரில் ஆப்பிரிக்கா இருப்பதால் அது தொலைவில் உள்ள நோய் என்றே இப்பகுதியினர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2020 மார்ச் மாதத்தில் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமா மாநிலத்தில் குதிரைகள் திடீரெனச் சாகத் தொடங்கின. சோதனையில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் என உறுதியானது. சில மாதங்களில் 500க்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், மலேசியாவும் திரங்கானுவில் இந்நோய் கண்டதை உலக விலங்கு நல அமைப்புக்கு அறிவித்தது. கோவிட் பெருந்தொற்றால் மனிதர்கள் வீட்டுக்குள் அடைந்திருந்த அதே மாதங்களில், தாய்லாந்தில் குதிரைகளும் வலைக்குள் அடைபட்டன. லாயங்களைச் சுற்றி வலை கட்டுவதற்குக் குதிரை உரிமையாளர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். தடுப்பூசி உண்டு, ஆனால் அது வந்து சேரும் வரையில் குதிரைக்கும் சாவுக்கும் இடையே இருந்தது அந்த வலை ஒன்றுதான்.

எந்த வலையும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரணக் கொசுவலையின் கண் வழியே குறுஈ எளிதாக நுழைந்துவிடும். அதற்கு மிக நெருக்கமாகப் பின்னிய வலை வேண்டும். அல்லது வலையின்மேல் பூச்சிக்கொல்லி தெளித்திருக்க வேண்டும். வலை நெருங்க நெருங்கக் காற்று குறையும். நெகிரி செம்பிலானின் புழுக்கத்தில் காற்றில்லாத லாயத்தில் குதிரை வியர்த்து வாடிவிடும். இங்கே மின்விசிறி இரண்டு வேலை செய்கிறது. குதிரைக்குக் குளிர்ச்சி தருகிறது. பறக்கும் வலிமை குறைந்த குறுஈயை அருகில் நெருங்க விடாமலும் தடுக்கிறது. குறுஈ மிகுதியாகக் கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. ஆகையால், பொழுது சாய்வதற்கு முன்பே குதிரையை உள்ளே கட்டிவிட வேண்டும். குதிரை ஈயோ இதற்கு நேர்மாறு. வெயில் நேரத்தில், அதிலும் நடமாடும் கருநிற விலங்கைத் தேடி வரும். பகலில் மரநிழலோ கூரையோ குதிரைக்குக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது பூச்சி தொழுவ ஈ. பார்ப்பதற்கு வீட்டு ஈயைப் போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் வாயிலிருந்து ஊசி போன்ற குழல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இதில் ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் கடிக்கும். குதிரை ஓயாமல் காலைத் தரையில் அடித்தால் இந்த ஈயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது வளரும் இடம் காடன்று, சதுப்பன்று. சிறுநீரும் சாணமும் கலந்து ஊறிய வைக்கோல், மரத்தூள், சிந்திய தீவனம், அழுகும் புல் ஆகியவற்றில் முட்டையிடும். வெப்பமான நாட்டில் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் முட்டை ஈயாகிவிடும். மனிதன் சேர்த்து வைத்த குப்பைதான் அதன் தொட்டில்.

மூட்டம் போட்ட பெரியவர்களின் அறிவு இங்கேதான் பாதி வழியில் நிற்கிறது. புகை பூச்சியை விரட்டும் என்பது உண்மை. ஆனால் கொல்லாது, புகை அடங்கியதும் பூச்சி திரும்பும். மூடிய லாயத்தில் அடர்ந்த புகை குதிரையின் நுரையீரலுக்கும் கேடு. அதைவிட முக்கியமானது, பல கொட்டகைகளில் புகை ஒரு பக்கம் எழும்ப, பத்தடி தூரத்தில் சாணக் குவியல் இருந்தது. குறுஈயில் சில வகைகள் மாட்டுச் சாணத்திலேயே பெருகும். மற்றவை சாணம் கலந்த சேற்றில் பெருகும். விரட்டப்பட்ட ஈக்குப் பதிலாக நாள்தோறும் புதிய ஈக்கள் அங்கிருந்து எழுந்தன.

ஆகவே, விலை உயர்ந்த தைலமும் முகவலையும் வாங்குவதற்கு முன்னர் கையில் எடுக்க வேண்டியது மண்வெட்டி. நாள்தோறும் சாணத்தையும் நனைந்த படுக்கையையும் அள்ளி அப்புறப்படுத்தினால் தொழுவ ஈயின் வாழ்க்கைச் சுழல் அறுந்துவிடும். அள்ளியதை உயரமாகக் குவித்து, பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடினால் உள்ளே எழும் சூட்டில் புழுக்கள் மடியும். செம்பனை மரங்களுக்கு எருவாகப் போடுவதாயின், மரத்தடியில் குவித்துக் கொட்டுவதைவிட மெல்லியதாகப் பரப்புவது நல்லது. வெயிலில் காய்ந்த சாணத்தில் புழு பிழைக்காது. தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் அடைக்க வேண்டும். லாயத்தைச் சுற்றியுள்ள கால்வாயில் நீர் தேங்காமல் ஓட வேண்டும். இவை யாருக்கும் சுவையான வேலைகள் அல்ல. விற்பனைக்கு வரும் பொருள்களுக்கு விளம்பரம் உண்டு. மண்வெட்டிக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

குதிரை ஈயின் நிலை வேறு. அது ஈரச் சேற்றிலும் ஓடைக்கரையிலும் வளர்வதால் அதன் பிறப்பிடத்தைத் துப்புரவு செய்ய முடியாது, பொறிதான் வழி. நீலமும் கறுப்பும் கலந்த துணியை நோக்கி இந்த ஈக்கள் பறந்து வரும். இதைப் பயன்படுத்தி ஆப்பிரிக்காவில் ‘ந்சி’ என்னும் துணிப்பொறி உருவாக்கப்பட்டது. சுவாகிலி மொழியில் ‘ந்சி’ என்றால் ஈ. மருந்து எதுவும் தேவையில்லை. துணிக்குள் நுழைந்த ஈ வெளிச்சத்தை நாடி மேலே ஏறி, வலைக்கூம்பில் மாட்டிக்கொள்ளும்.

நிறம் ஈயைக் கவரும் என்றால், ஈயை ஏமாற்றவும் செய்யும். 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சில குதிரைகளுக்கு வரிக்குதிரையைப் போன்ற கோடு போட்ட போர்வையை அணிவித்துச் சோதித்தனர். குதிரை ஈக்கள் வழக்கம்போல் நெருங்கி வந்தன. ஆனால் சரியாக இறங்க முடியாமல் மோதியும் விலகியும் பறந்தன. போர்வை மூடாத தலையில் மட்டும் எப்போதும்போல் அமர்ந்தன. அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கறுப்பு மாடுகளின்மேல் வெள்ளைக் கோடுகளைத் தீட்டினர். கடிக்கும் ஈக்கள் ஏறத்தாழ 50 விழுக்காடு குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்கக் குதிரை நோயின் கிருமியைத் துன்பமின்றி உடலில் சுமக்கும் விலங்கும் வரிக்குதிரையே.

குதிரைகள் இன்று தோட்டங்களில் அரிது. செம்பனை மரங்களுக்கிடையே மேயும் மாடுகளோ ஏராளம். 2021ஆம் ஆண்டில் மலேசிய மாடுகளைத் தாக்கிய தோல் கழலை நோயும் கடிக்கும் பூச்சிகளால் பரவியதே. உடலெங்கும் கட்டிகள் எழும்பி, பால் வற்றிய மாட்டைக் கண்ட குடும்பங்களுக்கு ஈயின் ஆற்றலை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால்நடைச் சேவைத் துறை தடுப்பூசி போட்டது. ஆனால் தடுப்பூசி ஒரு நோயை மட்டுமே தடுக்கும். மாலையில் கொட்டகைக்கு வரும் ஈ எந்த நோயைச் சுமந்து வருகிறது என்பது அதன் உடலில் எழுதியிருப்பதில்லை.

மூட்டம் போடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டியதில்லை. புகை காற்று வரும் பக்கத்தில் மெல்லியதாக எழும்ப வேண்டும், கொட்டகையின் மறுபக்கம் திறந்திருக்க வேண்டும், சாணக் குவியல் கொட்டகையை விட்டுத் தொலைவில் மூடிக் கிடக்க வேண்டும்.