தீவகத்தில் ஓர் இசைச் சஞ்சிகை

இசை செவிக்குரியது, ஏடு கண்ணுக்குரியது. செவிக்குரிய ஒன்றைக் கண்வழியே பிறர்க்கு உணர்த்த முற்படுவதே இசைச் சஞ்சிகையின் தொழில். கதை வெளியிடும் சஞ்சிகை கதையையே வாசகர் கையிற் கொடுத்துவிடுகின்றது. இசைச் சஞ்சிகை இசையைக் கொடுத்தல் இயலாது. இசை பற்றிய சொல்லையும் படத்தையும் குறியையுமே கொடுத்தல் கூடும். ஏனைச் சஞ்சிகைகளை அமைப்போர்க்கில்லாத இவ்விடர்ப்பாட்டை எங்ஙனம் தீர்ப்பது என்பதே இசைச் சஞ்சிகை அமைப்பின் முதல் வினா. முகப்புப் படமும் எழுத்தின் நிறமும் அதற்குப் பின்னரே வைத்தெண்ணத்தக்கவை.

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் இலங்கைப் பாடசாலைகளில் ஒரு பாடமாகியபின், சஞ்சிகை ஒன்றை மாணாக்கர் தாமே திட்டமிட்டு ஆக்குதல் அப்பாடத்துக்கு இயல்பான பயிற்சியாயிற்று. இசையைப் பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணாக்கர் பெரும்பாலும் திரைப்படப் பாடகர் ஒருவரின் படத்தை முகப்பில் இட்டு, பெருத்த எழுத்தில் நான்கு தலைப்புக்களைச் சுற்றிலும் அடுக்கிவிடுவர். அது பயிற்சியாகலாம், ஆயினும் சென்னையிலும் கொழும்பிலும் முன்னரே விற்பனையாவதன் நிழலேயன்றிப் பிறிதில்லை. ஊர்காவற்றுறை மாணாக்கர் ஒருவர்க்கு அந்நிழல் வேண்டுவதில்லை. குறிகாட்டுவான் துறையிற் படகேறிச் சிறிது நேரத்தில் நயினாதீவை அடைந்தால் நாகபூஷணி அம்மன் திருவிழாவில் நாதசுரமும் தவிலும் கேட்கலாம். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கர் நாட்டுக்கூத்து மரபுடையவர். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்பன முதியோர் நாவில் இன்னும் எஞ்சியுள்ளன. இவற்றுட் பல அச்சேறாதவை. 1990ஆம் 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாகத் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பாடுவோர் ஓரிடத்தும் கேட்போர் வேறிடத்துமாயினர். ஒரு தலைமுறை கழியுமுன் எழுதப்படாதது பின்னர் எழுதப்படுமென்பதற்கு உறுதியில்லை. மாணாக்கரின் சிறு சஞ்சிகைக்கு இங்கே செய்தற்குரிய வேலை ஒன்று காத்திருக்கின்றது.

இளையோர் இத்தொழிலுக்கு ஏற்றவரல்லர் என எண்ணவேண்டியதில்லை. யேர்மனியில் லைப்சிக் நகரில் 1834ஆம் ஆண்டு 'புதிய இசைச் சஞ்சிகை' எனப் பொருள்படும் இதழைத் தொடங்கியபோது றொபேட் சூமானுக்கு வயது இருபத்து மூன்று. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு றோலிங் ஸ்ரோன் இதழைத் தொடங்கிய ஜான் வென்னருக்கு இருபத்தொன்று. 1976ஆம் ஆண்டு இலண்டனில் மார்க் பெரி என்னும் வங்கி எழுதுவினைஞர் தட்டச்சிலடித்துத் தலைப்புக்களைத் தடித்த பேனையால் எழுதிப் படப்பிரதி எடுத்து வெளியிட்ட இதழ், பார்வைக்கு அழகற்றதாயினும் பங்க் இசையின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. இம்மூவர்க்கும் பொதுவானது யாதெனின், தம் காலத்து இசையுள் எழுதுவாரற்றுக் கிடந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தமையே.

வாசகர் யாவர் என்பதை முன்னரே துணிதல் வேண்டும். ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பனில் 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகள் 1952ஆம் ஆண்டு 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் முத்திங்கள் இதழைத் தொடங்கினார். தமிழைப் பற்றிய அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழறியாத பிறநாட்டு அறிஞரைத் தமிழாராய்ச்சிக்கு அழைத்தலே அதன் நோக்கமாதலின் மொழியும் நோக்கத்துக்கிசைய அமைந்தது. தீவகத்து இசைச் சஞ்சிகையை வாசிப்போர் வேறு: உடன் பயிலும் மாணவர், ஊரிலுள்ள பெற்றோர், கடல் கடந்து வாழும் உறவினர். இவர்களுட் பலர் சங்கீதம் முறையாகப் பயின்றவரல்லர். ஆனாற் பாட்டைக் கேட்டமாத்திரத்தே இனங்காணக்கூடியவர். அவர்க்கு வேண்டுவது இலக்கணச் சர்ச்சையன்று.

இனிக் குறிமுறைக்கு வருவோம். தென்னிந்தியாவில் இப்பிரச்சினையோடு போராடியவர்களின் கதை மாணாக்கர் அறியவேண்டியதொன்று. சின்னச்சாமி முதலியார் 1890களிற் கீர்த்தனைகளை ஐரோப்பியரின் ஐங்கோட்டுக் குறியில் அமைத்துப் பகுதி பகுதியாகச் சென்னையில் வெளியிட்டார். உலகம் முழுவதும் வாசிக்கத்தக்கதெனக் கருதி அவர் மேற்கொண்ட அம்முயற்சியை உள்ளூர் வித்துவான்கள் வாசிக்க அறியார். கமகத்தின் நெளிவுகளும் அக்கோடுகளுக்குள் எளிதில் அடங்கா. அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர, சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை எட்டயபுரத்திலேயே அச்சிட்டார். தெலுங்கெழுத்திலமைந்த அந்நூலில் ஒவ்வொரு கமகத்துக்கும் ஒவ்வொரு குறி உண்டு. வழக்கமான அச்செழுத்திற் காணாத அக்குறிகளை எழுத்துக்கோப்போர் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் பொருத்திய பொறுமையை நினைந்தால் வியப்பே மிஞ்சும். சென்னைச் சங்கீத வித்வத் சபை அதனைத் தமிழெழுத்தில் வெளியிடத் தொடங்கியது 1961ஆம் ஆண்டிலேயே. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' அவருடைய சொந்த அச்சகத்திற் பதிக்கப்பெற்றது. இசையை ஏட்டில் ஏற்ற விரும்பியவர்கள் அச்சுத் தொழிலையும் தம் தலைமேற் கொள்ளவேண்டியிருந்தது என்பது இவற்றாற் புலனாகும்.

தமிழிற் சுரக்குறிப்பு எழுதும் முறை இன்று பெரிதும் நிலைபெற்றுவிட்டது. குறில் ஓர் அட்சரம், நெடில் இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சர நீட்சி, அரைப்புள்ளி இரண்டு. சுரங்களின்மேற் கோடிட்டால் வேகம் இரட்டிக்கும். ஒற்றை நிலைக்கோடு தாள அங்கத்தின் முடிவையும் இரட்டைக்கோடு ஆவர்த்தத்தின் முடிவையும் காட்டும். தாரஸ்தாயிச் சுரத்துக்கு மேலேயும் மந்தரஸ்தாயிச் சுரத்துக்குக் கீழேயும் புள்ளியிடுவர். இங்கே தமிழெழுத்துக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. மேற்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளமாதலால் தாரஸ்தாயிப் பஞ்சமம் 'ப்' என்றே தோன்றும். சுரவரியில் மெய் தனித்து வாராதாகையாற் பழகியவர்க்கு மயக்கமில்லை, புதியவர்க்கு உண்டு. கீழ்ப்புள்ளியின் துன்பம் வேறு. கணினியின் தமிழ் விசைப்பலகையில் அதற்கென விசையில்லை; வேறு வழியாற் சேர்த்தாலும் சில எழுத்துருக்களில் அது இடம்பிசகி அடுத்த எழுத்தின் கீழ்ப் போய் நிற்கும். கணினியில் வரிகளைக் கோத்தபின் இப்புள்ளிகளை மட்டும் மூலப்படியிற் கறுப்பு மையாற் கையால் இட்டுப் படியெடுத்தல் இழிவன்று. பிழையற்ற வழி அதுவே.

எழுத்தின் அகலமும் கவனிக்கத்தக்கது. 'ஸா' எடுக்கும் இடமும் 'க' எடுக்கும் இடமும் ஒன்றல்ல. ஆகவே சுரங்களை வாக்கியம்போல் ஓடவிட்டாற் சுரத்துக்கு நேர்கீழே சாகித்தியம் நில்லாது. சம அகலமுடைய கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் அட்சரகாலம் என வகுத்து நிரப்புதல் வேண்டும்.

ஏட்டின் உடலமைப்பு இதற்கு எதிர்பாராத உதவி செய்கின்றது. ஏ3 அளவுத் தாள்கள் ஐந்தை நடுவே மடித்துத் தைத்தால் ஏ4 அளவில் இருபது பக்கங்கள் கிடைக்கும். வெற்றுத்தாள்களை முதலில் அவ்வாறே மடித்து எண்ணிட்டுப் பார்த்தல் நன்று: முதற் பக்கமும் இருபதாம் பக்கமும் ஒரே தாளின் ஒரே முகத்தில் அமையும், இரண்டாம் பக்கத்தோடு பத்தொன்பதாம் பக்கம் சேரும், எந்த இணையைக் கூட்டினும் இருபத்தொன்றே வரும். எதிரெதிராய்த் திறக்கும் இரு பக்கங்கள் ஒரே தாளாய் அமைவது நடுவில் மட்டுமே. அஃதாவது பத்தும் பதினொன்றும். ஏனையவிடங்களில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஓடும் வரி, தாள்கள் இம்மியளவு விலகினாலும் முறிந்துவிடும். சஞ்சிகையின் தலையாய பாட்டு நடுவிரிப்பில் இடம்பெறவேண்டுமென்பதற்குக் காரணம் இதுவே. ஆதி தாளத்திலமைந்த உருப்படியாயின் பொருத்தம் இன்னும் கூடும். எட்டு அட்சரத்துள் இலகுவின் நான்கும் இடப்பக்கத்திலும், இரு திருதங்களின் நான்கும் வலப்பக்கத்திலும் அமைய, மடிப்பே அங்க எல்லையாகிவிடும். கையாற் தாளம் போட்டுக்கொண்டு வரியைத் தொடரும் வாசகருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை.

கர்நாடக உருப்படிக்கு வகுத்த இம்முறையை அம்பாப் பாட்டுக்கு அப்படியே போர்த்தினால் அது பொருந்தாது. அம்பாவின் காலத்தை அளப்பது கைத்தாளமன்று; வலையின் பாரமும் இழுப்போர் மூச்சும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாடிக்கொண்டே இழுப்பர். எனவே பக்கத்தை இரு பத்திகளாக்கி, இடப்பத்தியில் முன்பாடுவோர் அடியையும் வலப்பத்தியிற் பின்பாடுவோர் அடியையும் இட்டு, கயிறு இழுபடும் அசையின்மேல் ஒரு கறுப்பு வட்டம் இடலாம். இழுவை தொடர்ந்து நிகழ வட்டங்கள் நெருங்குதலும் ஓய்வில் அவை விலகுதலும் கண்ணுக்கே தெரியும். இராகப் பெயர் சூட்டும் ஆசையை மாணாக்கர் அடக்கிக்கொள்வதும் வேண்டும். மெட்டொன்றைக் கேட்டவுடன் 'இஃது ஆனந்தபைரவி' எனத் தலைப்பிடுவது பரீட்சைக்குப் படித்தவரின் பழக்கம். கேட்ட சுரங்களை முதலில் எழுதி, இன்ன இராகத்தை ஒத்திருக்கின்றது என அடியிற் குறித்தாற் போதும்.

சொல்லைத் திருத்துவதிலும் இவ்வெச்சரிக்கை உரியது. நெடுந்தீவில் ஒருவர் பாடும் சொல் செந்தமிழுக்கு ஒவ்வாததாய்த் தோன்றலாம். ஆசிரியர் சிவப்பு மையோடு அதனருகே செல்லாதிருப்பாராக. ஒரே பாட்டு நெடுந்தீவில் ஒருவகையாகவும் ஊர்காவற்றுறையில் வேறுவகையாகவும் வழங்குமாயின் இரண்டையும் அருகருகே அச்சிடுதல் தகும். ஒப்பாரியைப் பொறுத்தவரை வேறொரு கடமையும் உண்டு. அது ஒருவரின் இறப்பை முன்னிட்டுப் பாடப்பெற்றது. பெயரும் உறவும் அதனுள் வரும். பாடியவரும் அக்குடும்பத்தாரும் இசைந்தாலன்றி அதனை ஏட்டில் ஏற்றலாகாது.

கட்டுரை, செவ்வி, விமரிசனம் முதலியவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. கல்கி கிருஷ்ணமூர்த்தி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய கச்சேரி விமரிசனங்களை ஒருமுறை வாசித்தவர், இசையறியாதாரும் விரும்பும்வண்ணம் எழுதுவது எப்படியென அறிவர். ஒன்றை மட்டும் சொல்லலாம். நாட்டுப்பாட்டையும் கோயிலிசையையும் பேணுவதென்பது மெல்லிசையை வாசலில் நிறுத்துவதாகாது. 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினமும் 'சுராங்கனி' பாடிய ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துப் பொப்பிசைக்கு முகம் கொடுத்தவர்கள். அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்காத சஞ்சிகையை மாணவர் காசு கொடுத்து வாங்குவாரென எதிர்பார்த்தல் பேதைமை.

படங்களின் அடிக்குறிப்பிற் பழைய மலர்களிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. குழுப்படத்தின் கீழ் 'இருப்பவர்கள் இடமிருந்து வலம்' எனத் தொடங்கிப் பெயர்களை நிரல்பட எழுதும் வழக்கத்தை இக்காலத்தவர் நகைப்பர். அவ்வழக்கமே பலருடைய பெயரைக் காத்தது. இசைப் படங்களிலோ முன்னே அமர்ந்தவரின் பெயர் மட்டும் பெரிதாய் நிற்க, தவில் வாசித்தவரும் ஒத்து ஊதியவரும் தாளம் போட்டவரும் 'குழுவினர்' என்னும் ஒரு சொல்லுள் மறைந்துவிடுவர். தவிலுக்குத் தட்சணாமூர்த்தி என்னும் பெயர் தமிழ்நாட்டிலும் ஒலிக்கச் செய்த யாழ்ப்பாணத்தில் இக்குறை பொருத்தமற்றது. எல்லாப் பெயரும் ஒரே அளவெழுத்தில் வருக.

முகப்புக்கு ஒரே படம் போதும்: கயிற்றைப் பற்றிய கைகள், அல்லது தவிலின் தோல். தலைப்பெழுத்தைச் சித்திரம் வல்ல மாணவர் ஒருவர் கையால் எழுதுவது நன்று. கணினி எழுத்துருவை எவரும் எடுக்கலாம், கையெழுத்தை எடுத்தல் அரிது.

இக்காலத்தில் ஒலியைப் பதிவுசெய்து இணையத்தில் வைத்து, அதனைக் கைபேசியால் திறக்கத்தக்க கட்டக்குறி (கியூ.ஆர். குறி) ஒன்றைப் பாட்டின் அருகே அச்சிடுதல் எளிது. பாடியவரின் குரலையே வாசகர் கேட்கலாமாதலின் அது செய்யத்தக்கதே. அதனாற் சுரக்குறிப்பு வேண்டாவெனக் கருதுவது தவறு. ஒலிப்பதிவு தங்கியிருக்கும் இடத்துக்கு யாரோ கட்டணம் செலுத்தல் வேண்டும். முகவரி மாறினாற் குறி வெறுங் கட்டமாய் எஞ்சும். ஏடும் அழியுமென்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். ஆகவே ஓரிடத்தில் மட்டும் வைத்தலைத் தவிர்க்க. கல்லூரி நூலகத்துக்கு இரண்டு பிரதி, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஒன்று, மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்கு ஒன்று. ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை எண்ணிம வடிவிற் பேணும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியும், அதனோடு ஒலிப்பதிவுகளும்.

பாடிக்கொடுத்தவர்க்குரிய பிரதிகளை அஞ்சலில் அனுப்பாது மாணாக்கரே எடுத்துச் செல்வாராக. நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒருமணி நேரம் செல்லும். முதியோர் கண்ணுக்கு எட்டுமாறு அவரவர் பாட்டு வந்த பக்கத்தை மட்டும் பெரிய எழுத்திற் தனித்தாளாக அடித்து உள்ளே வைத்தல் வேண்டும். அச்சில் வந்ததைப் பாடியவர் முன் ஒருமுறை வாசித்துக் காட்டினால், விடுபட்ட அடியொன்றை அவர் அப்பொழுது நினைவுகூர்தலும் கூடும். அது அடுத்த இதழுக்குரியது.