தண்ணி திறக்கும் வரை

லீவு நாட்கள் – 7

பிசானம் அறுத்து முடித்த வயலுக்குத் தாமிரபரணிக் கரையில் இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்வு. பங்குனிக்குள் கதிரடித்து, வைக்கோலைப் படப்பில் ஏற்றிவிட்டால், ஜூன் பிறந்து கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணி திறக்கிற வரை மண் சும்மா கிடக்கும். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் என் ஆச்சி ஊர்ப் பையன்களுக்கு அந்த இடைவெளிதான் கிரிக்கெட் சீஸன். தாளை மண்வெட்டியால் சீவி, வாய்க்காலில் மிச்சம் கிடக்கும் தண்ணியைக் குடத்தில் மொண்டு வந்து தெளித்து, பழைய சிமென்ட் குழாய் ஒன்றை முன்னும் பின்னும் உருட்டி பிட்ச் போடுவார்கள். ஒரு வாரம் காய்ந்தால் களிமண் வெடிப்பு விட்டுவிடும். மறுபடி தண்ணி, மறுபடி குழாய்.

யார் முதலில் பேட் பிடிப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்குவதில்லை. தரையில் வரிசையாகக் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு நம்பர் எழுதி, அதைப் பேட்டால் மூடிவிடுவார்கள். ஆளுக்கொரு கோட்டின் வாலைத் தொட வேண்டும். பேட்டைத் தூக்கினால் விதி தெரிந்துவிடும். முதல் நம்பர்காரன் வெயில் ஏறுவதற்குள் ஆடிவிட்டுப் போவான். கடைசி நம்பர்காரன் வரப்போரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சென்னையிலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் சிநேகிதர்கள் கிடைத்தது ஆடுகளத்தில் அல்ல, அந்த மரத்தடியில். ஆடும்போது எல்லாரும் எதிராளிகள். முறைக்காகக் காத்திருக்கும்போதுதான் ஒருத்தன் வீட்டுக் கதையை இன்னொருத்தன் கேட்கிறான்.

1999ஆம் வருஷத்துக் கோடையை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் இப்படிப்பட்ட காத்திருப்புகள்தான். ரயிலுக்கு, படப்பெட்டிக்கு, கரன்ட்டுக்கு, சாரலுக்கு. தனியாகக் காத்திருந்தது எதுவுமில்லை. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தார்கள்.

ரயிலிலிருந்தே அது தொடங்கிவிடும். ராத்திரி வண்டியில் வந்து திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினால், செங்கோட்டை பாசஞ்சர் ஏற வேண்டும். அப்போது அது மீட்டர் கேஜ். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வயலும் தோப்புமாக வண்டி மேற்கே போகப் போக, பொதிகை மலை ஜன்னலுக்குள் பெரிதாகிக்கொண்டே வரும். ஒற்றைத் தடம் என்பதால் எதிர் வண்டி வந்து சேர்கிற வரை இந்த வண்டி ஸ்டேஷனில் நின்றாக வேண்டும். ‘கிராஸிங்குக்குப் போட்டுட்டான்’ என்று யாராவது சொன்னதும் பாதிப் பெட்டி பிளாட்பாரத்தில் இறங்கிவிடும். எதிர் வண்டி உள்ளே வரும்போது அதன் டிரைவர் ஒரு பெரிய வளையத்தை நீட்டுவார். கீழே நிற்கும் ஊழியர் கையை நீட்டித் தோளோடு அதை வாங்கிக்கொள்வார். அந்த வளையத்தோடு சேர்ந்த தோல்பைக்குள் டோக்கன் இருக்கும். அது கைக்கு வராமல் அடுத்த ஸ்டேஷன் வரையிலான தடத்தில் எந்த வண்டியும் கால் வைக்க முடியாது. இரண்டு வண்டிகள் மோதாமல் இருக்க மனிதர்கள் கைமாற்றிக்கொள்ளும் ஒரு வாக்குறுதியாகவே அது எனக்குத் தோன்றும்.

அந்த நேரத்தில் பக்கத்து சீட்டுப் பெரியவர் விசாரணையை ஆரம்பிப்பார். “எந்த ஊருக்குல போறிய? யாரு வீட்டுக்கு?” தாத்தா பெயரைச் சொன்னால் போதும். அவருக்கு ஒரு கொழுந்தியாள் வழியிலோ, பழைய பாகப்பிரிவினை வழியிலோ நாங்கள் சொந்தமாகிவிடுவோம். எதிர் வண்டி வந்து போவதற்குள் அவர் பொட்டலத்தில் இருந்த புளியோதரை எங்கள் இலைக்கு வந்திருக்கும். அந்தத் தடம் இப்போது அகலப் பாதை. வண்டி சீக்கிரம் போய்ச் சேருகிறது, அது நல்லதுதான்.

லீவு எங்களுக்குத்தான். ஆச்சிக்கும் அத்தைக்கும் மதினிக்கும் சித்திரையும் வைகாசியும் வேலை இரட்டிப்பாகும் மாதங்கள். கூழ்வத்தலை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் ஊறவைத்து ஆட்டிய அரிசி மாவை விடியற்காலை நாலு மணிக்குப் பெரிய உருளியில் காய்ச்சத் தொடங்குவார்கள். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்து விட்டு, சீரகமும் பெருங்காயமும் போட்டு, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு வெந்து கண்ணாடி போல வந்ததும் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். வெயில் வருவதற்குள் அது மாடி ஏறியாக வேண்டும். தாத்தாவின் பழைய வேட்டிகளை நனைத்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, அத்தை ஒரு சின்னக் கரண்டியால் வட்டம் வட்டமாக விட்டுக்கொண்டே போவாள். குனிந்த முதுகு வேட்டியின் மறுமுனை வருகிற வரை நிமிராது.

காக்கா விரட்டும் வேலை எங்களுக்கு. மத்தியானம் வாக்கில் வத்தல் மேலே காய்ந்தும் அடியில் கூழாகவும் இருக்கும். விளிம்பில் நகத்தை விட்டு உரித்தால் வேட்டியின் நூலடையாளத்தோடு வரும். புளிப்பும் உறைப்பும் வெயில் சூடும் சேர்ந்த அந்தப் பாதி வத்தலுக்கு, பொரித்த வத்தல் ஈடாகாது என்பது என் தீர்மானமான கருத்து. அத்தைக்கு எல்லாம் தெரியும். மூலையில் ஒரு வரிசையை எங்களுக்கென்றே கூடுதலாக விட்டிருப்பாள். வருஷம் முழுவதும் மழையிலும் நோயிலும் அந்த வீட்டின் ரசச் சாதத்துக்குத் துணையாக இருந்தது அந்த முதுகு வலிதான் என்பதை இப்போதாவது எழுதிவைக்க வேண்டும்.

பயினிக்காரர் வந்தால் தெருவே கூடிவிடும். பனையோலையை மடித்துப் பட்டை கட்டி, அதில் பதநீரை ஊற்றி, கிளிமூக்கு மாங்காயைச் சீவிப் போட்டுத் தருவார். பட்டையின் பச்சை வாசனையோடு குடிக்க வேண்டும். டம்ளரில் ஊற்றினால் ருசி பாதி போய்விடும்.

படத்துக்கு வருவோம். ‘படையப்பா’ அந்த வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி வெளியானது. பெரிய ஊர்களில் ஓடி முடித்துச் சிறிய ஊர்க் கொட்டகைகளுக்குப் படம் வர அப்போது வாரக்கணக்கில் ஆகும். பிரிண்ட் குறைவு. தகரப் பெட்டிகளில் ரீல் பஸ்ஸில் வரும். ‘பெட்டி வந்துட்டா?’ என்று கொட்டகை வாசலில் கேட்டுக் கேட்டு, பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்ன வசனங்களை மனப்பாடம் செய்து, பாட்டையெல்லாம் டீக்கடையில் கேட்டு முடித்த பிறகுதான் எங்கள் ஊர்ப்பக்கம் அது வந்தது. இரண்டு சுவருக்கு நடுவே ஆள் ஒருவர் மட்டும் போகக்கூடிய கூண்டு வரிசையில் வியர்வையோடு நின்று, சுவரோட்டைக்குள் கையை விட்டு டிக்கெட் வாங்கினோம்.

தாத்தாவும் வந்தார். ரஜினிக்காக அல்ல, சிவாஜிக்காக. கதாநாயகனின் அப்பாவாக வரும் சிவாஜி, வீட்டையும் சொத்தையும் விட்டுக்கொடுத்து, வெளியேற வேண்டிய நேரத்தில் உயிர் விடும் கட்டத்தில் தாத்தா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சொத்துப் பிரித்த வீட்டில் வாழ்ந்தவர் அவர். நாங்கள் ரஜினி துண்டைச் சுழற்றும்போதும் ரம்யா கிருஷ்ணன் ஊஞ்சல் காட்சியிலும் விசிலடித்துத் தொண்டை கட்டிப்போனோம். ஒரே படத்துக்குள் தாத்தாவுக்கு ஒரு படமும் எங்களுக்கு ஒரு படமும் இருந்தன. இடைவேளையில் பவண்டோவும் முறுக்கும் அவர் செலவு. இரண்டு தலைமுறையை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கத் தெரிந்த படத்தை நான் லேசாகப் பேச மாட்டேன்.

மே மாதம் பாதியில் இங்கிலாந்தில் உலகக் கோப்பை தொடங்கியது. அங்கே காலையில் ஆரம்பிக்கும் ஆட்டம் நமக்குச் சாயங்காலக் காப்பிக்கு முன்னால் வந்துவிடும். இரவு சாப்பாடு தாண்டியும் ஓடும். மாமா வீட்டுக் கூடத்தில் டிவி இருந்ததால் தெருப் பையன்கள் எல்லாரும் அங்கேதான். மதினி திண்ணையோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பழைய நோட்டில் ஸ்கோர் எழுதுவாள். பிளஸ் டூ போகப்போகிற பெண் என்று வயலுக்கு விளையாட விடமாட்டார்கள். ஆனால் யார் எந்தப் பந்துக்குக் காலை எப்படி நகர்த்துகிறார்கள் என்று எங்களில் யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். கரன்ட் போனால் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து அவள் சொல்லுவாள், நாங்கள் கேட்போம்.

மே 19ஆம் தேதி சச்சினின் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. அவர் ஊருக்குத் திரும்பிவிட, அன்றைக்கு ஜிம்பாப்வேயிடம் இந்தியா மூன்றே ரன்னில் தோற்றது. நாலு நாள் கழித்து கென்யாவுக்கு எதிராக அவர் திரும்பி வந்து சதமடித்து, மட்டையோடு வானத்தைப் பார்த்தார். கிரிக்கெட்டே தெரியாத ஆச்சி அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். “இன்னும் பதினாறு கூட முடியலியே, அதுக்குள்ள அந்தப் பிள்ளையை விளையாட விட்டாங்களா?” மதினி சொன்னாள்: “அவுக அம்மாதான் போடான்னு அனுப்பி வச்சாகளாம், ஆச்சி.” ஆச்சி அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆட்டம் முடிகிற வரை தூணருகே நின்றே பார்த்தாள். 140 ரன், ஆட்டமிழக்கவில்லை.

மே 26, டான்டன் மைதானத்தில் இலங்கை. நம்ம சென்னைக்காரர் சடகோபன் ரமேஷ் சீக்கிரமே அவுட்டாகிவிட, கூடத்தில் ஒரே முனகல். பிறகு கங்குலியும் திராவிடும் 318 ரன் சேர்த்தார்கள். கங்குலி 183, திராவிட் 145. நடுவில் ஒரு மணி நேரம் கரன்ட் இல்லை. டிரான்சிஸ்டரைச் சுற்றி எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தோம். இருட்டில் மதினியின் குரல் மட்டும் ‘நாலு’, ‘ஆறு’ என்று வந்துகொண்டிருந்தது. அத்தை அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து ஸ்கோர் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ராபின் சிங் அஞ்சு விக்கெட் எடுத்தார். ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கங்குலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுக்காக உழைத்து ஆடிய அந்த மனிதருக்கு அன்றைய பாராட்டில் பங்கு உண்டு.

மேற்கே மேகம் இறங்கத் தொடங்கியதும் வீட்டில் பேச்சு குற்றாலத்துக்கு மாறும். கேரளத்தில் பருவமழை பிடித்தால், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று நுழைந்து தென்காசிப் பக்கம் சாரலைத் தூவும். அது ஜூனுக்கு முன்னாலா பின்னாலா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடமோ ஜூனில் திறந்துவிடும். அதனால் பால்காரர், பஸ் கண்டக்டர் என்று தென்காசியிலிருந்து வருகிற எல்லாரையும் ‘தண்ணி விழுதா?’ என்று கேட்போம். அந்த வருஷம் லீவு முடிவதற்குள் விழுந்தது.

பேரருவியில் தண்ணி நேராகத் தலையில் விழுவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து வருகிறது. அதனால்தான் மனிதர்கள் அதன் கீழே நிற்க முடிகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தெரியாதவர் தோளைப் பிடித்தபடி, உள்ளே இருப்பவர் விலகுகிற வரை ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்போம். இதே குற்றாலத்தில்தான் ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டி முற்றத்தில் கூடிய நண்பர்கள் கம்பனைப் பாடிப் பாடி ரசித்ததை இந்தச் சீமையில் இன்னும் பேசுகிறார்கள். கவிதையையும் சாப்பாட்டையும் நண்பர்களோடு சேர்ந்தே அனுபவிக்க வேண்டும் என்று வாழ்ந்தவர். இந்த ஊர்ச் சாரலுக்கு அவர் பொருத்தமான ஆள்.

குளித்த பசிக்குப் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்னால் அது திருவிதாங்கூர்ச் சீமை. எல்லை போய்விட்டது, பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளில் தங்கிவிட்டது. வாழையிலையில் சின்னச் சின்னப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, அது ஊறுகிற வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுவார் மாமா. “பொறுடா மருமவனே, இப்ப தொட்டா ரொட்டி. ரெண்டு நிமிசம் கழிச்சுத் தொட்டாத்தான் பரோட்டா.”

ஜூனில் அணை திறந்தார்கள், நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம். உலகக் கோப்பை மட்டும் முடிந்திருக்கவில்லை. 17ஆம் தேதி அரையிறுதி, எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும். கடைசி ஓவருக்கு ஒன்பது ரன் வேண்டும் என்ற இடத்தில் எங்கள் தெருவில் கரன்ட் போனது. மறுநாள் பேப்பரில் சமன் என்று முடிவு மட்டும் தெரிந்தது, மனம் ஆறவில்லை.

அடுத்த வாரம் மதினியிடமிருந்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. நலம் விசாரிப்பு ஒரு வரிதான். மீதி முழுக்க அந்த ஓவர். பிளெமிங் போட்ட முதல் இரண்டு பந்தையும் குளூஸ்னர் பவுண்டரிக்கு விரட்டியது, மூன்றாவதில் டொனால்ட் ரன் அவுட்டிலிருந்து தப்பியது, நாலாவதில் குளூஸ்னர் ஓடி வர டொனால்ட் மட்டையைக் கீழே போட்டது. பந்துக்கொரு பத்தியாக எழுதி, ஓரத்தில் பீல்டர்கள் நின்ற இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தாள். மடிப்பில் இடம் போதாமல், ஒட்டுகிற விளிம்பில் ஒரு கேள்வி: “டொனால்ட் ஓடாதது தப்பா, குளூஸ்னர் ஓடினது தப்பா? உன் பள்ளிக்கூடத்துப் பையங்ககிட்டயும் கேட்டு எழுது.”

வகுப்புக்குக் கொண்டுபோனேன். மத்தியானச் சாப்பாட்டு மணி முழுக்க டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில் அந்த லெட்டர் கைமாறியது. இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். அதுவரை என்னோடு பேசாத கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், படத்தில் மார்க் வா நின்ற புள்ளி தள்ளிப் போயிருக்கிறது என்று பேனாவை வாங்கித் திருத்தினான். அந்தத் திருத்தத்தையும் சேர்த்து அன்று சாயங்காலமே மதினிக்குப் பதில் எழுதினோம், இரண்டு பேருமாக.

(தொடரும்)