"இது என் கை இல்லையடி!"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வேளை. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியாரின் இடது கை திடீரென்று துவண்டு மடியில் விழுகிறது.

"ஐயோ அத்தை, கை வரவில்லையா?" என்று பதறுகிறாள் மருமகள்.

"எனக்கென்ன கேடு? நன்றாகத்தான் இருக்கிறது. நீ போய் அடுப்பைக் கவனி!"

கையைத் தூக்கச் சொன்னால், "தூக்கிக்கொண்டுதானே இருக்கிறேன்!" என்பாள். மடியில் கிடப்பது யார் கை என்று கேட்டால், "உன் கைதான், எடு அப்பால்" என்று அதட்டினாலும் அதட்டுவாள்.

பாசாங்கு அல்ல, பிடிவாதமும் அல்ல. மந்திரிக்க ஆள் தேடவும் வேண்டாம். நம் உடம்பைப் பற்றிய ஒரு படத்தை மூளை சதா எழுதிக்கொண்டே இருக்கிறது. மூளையின் வலப் பாதியில் ரத்தம் அடைபட்டால் இடது கை விழுவதோடு, சில பேருக்கு அந்தப் படத்தில் இடப் பக்கமே அழிந்துபோகிறது. இலையில் வலப் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இடது ஓரத்து உப்பைக் காணாமல் "உப்பே போடவில்லை" என்று குறைப்படுவார்கள். பாதி முகத்துக்கு மட்டும் மஞ்சள் பூசிக்கொள்வார்கள்.

நோயை நோயாளியே அறியாத இந்த நிலைக்கு 1914-ல் பெயர் வைத்தவர் பாரிஸ் டாக்டர் பாபின்ஸ்கி. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், இத்தகையவர்களைப் பரிசோதித்து 1998-ல் புத்தகமே எழுதினார். இடது காதில் குளிர்ந்த நீர் விட்டதும் ஒரு பெண்மணி, "ஆமாம், கை விழுந்துவிட்டது" என்று ஒப்புக்கொண்டாராம். சில மணி நேரத்தில் பழைய கதைதான்! (வீட்டில் யாரும் செய்து பார்த்துவிடாதீர்கள்.)

வேடிக்கையாகத் தோன்றுகிறது, அல்லவா? ஆபத்தே இதில்தான். வலியும் இருக்காது, 'ஒன்றுமில்லை' என்று பெரியவர்களே சொல்லும்போது எதிர்த்துப் பேச எந்த மருமகளுக்குத் துணிவு வரும்? 'அவர் ஆபீசிலிருந்து வரட்டும்' என்று காத்திருப்பாள். ஸ்கேனில் ரத்தக்கட்டு என்று தெரிந்தால் அதைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் கை விழுந்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். எங்கே போவது என்று வீட்டில் விவாதம் வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்; கை எத்தனை மணிக்கு விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தை கோபித்தால் கோபிக்கட்டும்!

பெரும்பாலோருக்கு இந்த மறதி சில நாட்களிலோ வாரங்களிலோ விலகிவிடுகிறது. அதுவரை அந்த இடது கைக்கு நீங்கள்தான் காவல். கட்டிலின் ஓரத்தில் நசுங்கினாலும், சுடுகாப்பி கொட்டினாலும், கைக்குச் சொந்தக்காரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.